சாஞ்சு உட்காருங்க அக்கா

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் நான் செய்த காரியம் யாருக்கும் புரியாது.

பைக் சீட் தைப்பது என் தொழில். இருபத்திரண்டு வருஷமாக ஃபோமும் ரெக்சினும்தான் எனக்குச் சோறு போடுகின்றன. கடையில் இந்தப் பாதி என்னுடையது, அந்தப் பாதி என் தம்பியுடையது. உட்காருகிற சமாச்சாரம் எனக்கு, வெளிச்ச சமாச்சாரம் அவனுக்கு. கூடுதல் லைட், ஹேண்டில்பார் உயர்த்துவது, கைப்பிடிக்கு மெத்தை, செல்போன் சார்ஜர் என்று வண்டியில் எதை மாட்டச் சொன்னாலும் மாட்டுவான். நடுவில் ஒரு மேசை கிடக்கிறது. அது யாருடையது என்ற வழக்கு எங்களுக்குள் இன்னும் தீரவில்லை.

என் பாதிக்கு ஒரே ஒரு சட்டம். உட்காரப்போகிறவர் நேரில் வந்து உட்காராமல் நான் ஃபோமில் கத்தி வைக்க மாட்டேன். பழைய சீட்டின் மேல் ஒரு வெள்ளைத் தாளை விரிப்பேன். அதன் மேல் கார்பன் தாள், அதற்கு மேல் ஒரு துணி. வழக்கமாக எப்படி உட்காருவீர்களோ அப்படியே பத்து நிமிஷம் உட்காருங்கள் என்பேன். எழுந்த பிறகு தாளை எடுத்துப் பார்த்தால் உடம்பின் பாரம் எங்கே இறங்குகிறதோ அங்கே கறுப்பாக இருக்கும். ஒரு வலியும் இல்லை என்று வாய் சொல்லும், ஆனால் தாள் பொய் சொல்லாது என்று வருகிறவர்களிடமெல்லாம் பெருமையடித்துக்கொள்வேன். தாள் பொய் சொல்லவில்லைதான். படித்தவள்தான் தப்பாகப் படித்தாள்.

ஒரு புதன்கிழமை சாயங்காலம் தபால்காரர் வந்தார். ஓய்வு பெற்று ஆறு வருஷம் ஆகிறது, ஆனாலும் எல்லாருக்கும் அவர் தபால்காரர்தான். வீடு எங்கள் கடையிலிருந்து இரண்டு தெரு தள்ளி. வண்டியை ஓட்டிவராமல் தள்ளிக்கொண்டே வந்தார். பெட்ரோல் தீர்ந்துவிட்டதா என்று தம்பி கேட்டான். காலுக்குப் பயிற்சி என்று சிரித்தார். பழைய வண்டி, ஆனால் ஒரு கீறல் கிடையாது. கண்ணில் ஒற்றிக்கொள்கிற மாதிரி வைத்திருந்தார்.

பின்னால் உட்காருகிறவருக்கு என்னென்ன சௌகரியம் உண்டோ அத்தனையும் வேண்டும் என்றார். மெத்தென்ற சீட், முதுகுக்குச் சாய்மானம், இரண்டு பக்கமும் கை வைக்கப் பிடி, கால் வைக்க அகலமான பலகை. யாருக்கு என்று கேட்டேன். வீட்டுக்காரிக்கு என்றார். இரண்டு வருஷத்துக்கு முன்பு அந்த அம்மாவுக்குச் சிறுநீரகம் இரண்டும் வேலையை நிறுத்திவிட்டன. வாரத்தில் மூன்று நாள் பக்கத்து நகரத்து ஆஸ்பத்திரியில் இரத்தத்தைச் சுத்தம் செய்ய வேண்டும். முப்பத்தைந்து கிலோமீட்டர். அவர்களுக்குக் கிடைத்திருப்பது மத்தியானம் இரண்டு மணி மெஷின். முடிய ஆறாகிவிடும், கடைசி பஸ் ஐந்தரைக்கே போய்விடும். அதனால் போக வர பைக்தான். திரும்பி வரும்போது அந்த அம்மாவுக்கு முதுகு விட்டுப்போகிறது என்றார்.

இதையெல்லாம் பட்டுவாடா செய்கிறவர் மாதிரி ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வந்தவர், கடைசியில் சீட்டைத் தடவிக்கொண்டே நின்றுவிட்டார்.

"இனிமே வரலைன்னுட்டாம்மா. விளையாட்டுக்குச் சொல்லலை. போகாம விட்டா எத்தனை நாள்னு டாக்டர் எங்க ரெண்டு பேருக்குமே சொல்லியிருக்கார். தெரிஞ்சுதான் சொல்றா."

எத்தனை நாள் என்று நான் கேட்கவில்லை. நாளைக்கு அவரை அழைத்துவாருங்கள், உட்காருகிறவர் வராமல் நான் தைப்பதில்லை என்று மட்டும் சொன்னேன்.

மறுநாள் காலையில் இரண்டு பேரும் வந்தார்கள். பகலில் வண்டியை ஓட்டிக்கொண்டுதான் வந்தார், அதை நான் அப்போது கவனிக்கவில்லை. அந்த அக்கா ஒடிந்துவிடுகிற மாதிரி இருந்தாலும் வாய் மட்டும் நோஞ்சான் இல்லை. கார்பன் தாளின் மேல் உட்காரச் சொன்னதும், இந்த வயதில் தன் பின்பக்கத்துக்கு நகல் எடுத்து எந்த ஆபீசுக்கு அனுப்பப்போகிறாய் என்று கேட்டார். தம்பி சிரித்த சிரிப்பில் வாயில் கடித்திருந்த ஒயர் கீழே விழுந்தது. புருஷன் முன்னால் உட்கார, இவர் பின்னால் பத்து நிமிஷம் உட்கார்ந்து எழுந்தார்.

தாளைப் பார்த்தேன். உள்ளங்கை அளவில் இரண்டே இரண்டு கறுப்பு. அதுவும் சீட்டின் நடுவில் இல்லை, முன் ஓரத்தில். கார்பன் கிழிகிற அளவுக்கு அழுத்தம் அங்கே. பின்பக்கம் முழுக்க வெள்ளை வெளேரென்று கிடந்தது. இத்தனை வருஷத்தில் பின்சீட்டுக்காரர் யாருக்கும் இப்படி ஒரு தாளை நான் பார்த்ததில்லை. பின்னால் பிடிமானம் இல்லாமல், விழுந்துவிடுவோமோ என்ற பயத்தில் முன்னால் சரிந்து சரிந்து உட்கார்ந்திருக்கிறார், முதுகு வலிக்காமல் என்ன செய்யும் என்று எனக்குத் தோன்றியது. தோன்றியதோடு விட்டேனா? தாளை விரித்துக் காட்டி ஒரு பிரசங்கமே செய்தேன். தபால்காரர் தலையாட்டிக்கொண்டே கேட்டார். அந்த அக்கா தாளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு, தனக்குச் சாய்மானமெல்லாம் வேண்டாம், அதற்குப் பதில் முன்னால் நல்ல லைட்டாக இரண்டு போட்டுவிடச் சொன்னார். தம்பியிடம் துருவித் துருவிக் கேட்டார். ரோட்டோரத்து வெள்ளைக் கோடு தெரியுமா? பள்ளம் எவ்வளவு தூரத்தில் தெரியும்? எதிரே லாரி வரும்போதும் ஓரம் தெரியுமா? வண்டி ஓட்டுகிறவர் கேட்க வேண்டிய கேள்விகளைப் பின்சீட்டுக்காரர் கேட்கிறாரே என்று அவனுக்கும் உறைக்கவில்லை, எனக்கும் உறைக்கவில்லை. ஓட்டுகிறவர் ஓரமாகப் போய் வண்டியின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. தனக்கென்று வரும்போது வேண்டாம் என்று சொல்கிற பெண்களைக் கண்டாலே எனக்கு ஆகாது. என் அம்மா அப்படித்தான் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லியே போய்ச் சேர்ந்தாள். அந்தக் கோபத்தை இவர் மேல் இறக்கினேன்.

"லைட்டும் போடுவோம், சாய்மானமும் போடுவோம். உங்க உடம்புக்கு வேணும்னு நீங்க கேக்க மாட்டீங்க, அவர் கேட்டாலும் விடமாட்டீங்க. இந்த முதுகு என்ன இரவல் முதுகா அக்கா?"

போகும்போது அந்த அக்கா என் பக்கமாகக் குனிந்து, தைக்கிறதைக் கொஞ்சம் கெட்டியாகவே தைத்துவிடு என்றார். கெட்டியாகத் தைப்பதற்கு நான் எதற்கு, வீட்டில் பலகை இல்லையா என்று கேட்டு அனுப்பினேன்.

மூன்று நாள் அந்த சீட்டோடு மல்லுக்கட்டினேன். அடியில் கெட்டி ஃபோம், மேலே இரண்டு விரல் கனத்துக்கு மெத்து ஃபோம். கறுப்பு விழுந்த இரண்டு இடத்திலும் குழித்து, அங்கே இன்னும் மென்மையான துண்டை ஒட்டினேன். முன் ஓரத்தைக் கொஞ்சம் உயர்த்தினேன். அப்போதுதான் உட்காருகிறவர் முன்னால் சரியாமல் தானாகவே பின்னால் போய்ச் சாய்வார். சாய்மானத்தைத் தோள்பட்டை வரைக்கும் ஏற்றினேன். இரும்புச் சட்டத்தைத் தம்பி வளைத்துக் கொடுத்தான், இரண்டு பக்கமும் முழங்கை வைக்கிற மாதிரி. தூக்கத்தில் சரிந்தாலும் விழாமலிருக்க இடுப்புக்கு ஒரு பெல்ட்டும் தைத்தேன். நானே உட்கார்ந்து பார்த்தேன். என் கையால் அவ்வளவு நல்ல சீட்டை அதற்கு முன்னால் நான் தைத்ததில்லை.

சனிக்கிழமை இருட்டத் தொடங்கும் நேரத்துக்கு வரச் சொல்லியிருந்தோம். லைட்டைக் குறி வைக்க இருட்டு வேண்டும். எதிரே ஒரு கிடங்கின் நீளமான சுவர் இருக்கிறது. அதில் தம்பி சாக்பீசால் ஒரு கோடு போட்டு வைத்திருப்பான். வெளிச்சத்தின் மேல் விளிம்பு அந்தக் கோட்டைத் தாண்டக் கூடாது. தாண்டினால் எதிரே வருகிறவன் கண் கூசும். வண்டியில் இரண்டு பேரும் உட்கார்ந்த பிறகுதான் குறி வைக்க வேண்டும், ஏனென்றால் பின்னால் பாரம் ஏறினால் முன்னால் வெளிச்சம் மேலே எழும்பிவிடும். தம்பி லைட்டின் அருகே குத்துக்காலிட்டு உட்கார்ந்து திருகாணியைத் திருகுவான். குனிந்திருப்பதால் சுவர் அவனுக்குச் சரியாகத் தெரியாது. வண்டியில் இருப்பவர் கோட்டைப் பார்த்துச் சொல்ல வேண்டும்.

அன்றைக்கும் கேட்டான். கோட்டுக்கு மேலேயா, கீழேயா சார்? தபால்காரர் உடனே சொல்லவில்லை. அந்த அக்கா சாய்ந்து உட்காராமல் முன்னால் வந்து, அவருடைய இடது தோளில் இரண்டு விரலால் மெதுவாகத் தட்டினார். "மேல" என்றார் தபால்காரர். தம்பி இறக்கினான். வலது தோளில் ஒரு தட்டு. "சரியா இருக்கு" என்றார். இதை நான் இரண்டு கண்ணாலும் பார்த்துக்கொண்டு நின்றேன். வயதான தம்பதிக்குள் என்ன செல்லம் என்று நினைத்தேன். தம்பி வேறு, நேற்றுத்தான் கல்யாணம் ஆன மாதிரி இருக்கிறதே என்று கிண்டல் செய்தான். அந்த அக்கா கையை எடுத்துக்கொண்டார்.

எல்லாம் முடிந்தது. அவர் மட்டும் என் சீட்டில் முன் ஓரத்திலேயே இருந்தார். மூன்று நாள் உழைப்பு இப்படி வெறுமனே கிடக்கிறதே என்று எனக்குப் பொறுக்கவில்லை. பக்கத்தில் போய் அவருடைய இரண்டு தோளையும் பிடித்துப் பின்னால் தள்ளினேன்.

"சாஞ்சு உட்காருங்க அக்கா."

சாய்ந்தார். கழுத்து தளர்ந்தது, கண் மூடியது. ஒரு நிமிஷம் அப்படியே இருந்தார். திறந்தபோது கண் கலங்கியிருந்தது.

"ரொம்ப நல்லா இருக்கும்மா" என்றார். ஏதோ கெட்ட செய்தியைச் சொல்கிற குரலில் சொன்னார். நான் பூரித்துப்போய் நின்றேன். வீட்டுக்குப் போகும்போது தபால்காரர் வண்டியைத் தள்ளிக்கொண்டு போக, அவர் பக்கத்தில் நடந்து போனார்.

அடுத்த வாரம் புதன்கிழமை காலையில் அந்த அக்கா தனியாக வந்தார். இரண்டு தெரு நடந்ததற்கே மூச்சு வாங்கியது. என் ஸ்டூலில் உட்கார்ந்தார். சீட்டைப் பிரித்துப் பலகை மாதிரி கெட்டியாக்கித் தர வேண்டும், சாய்மானத்தைக் கழற்றிவிட வேண்டும், தன் புருஷனுக்குக் காரணம் தெரியக் கூடாது என்றார்.

எனக்குக் கத்தத்தான் வந்தது. அவர் கையைக் காட்டினார். வாயை மூடிக்கொண்டேன்.

"நேத்து நான் தூங்கிட்டேன்" என்றார்.

அதற்கப்புறம் மெதுவாகச் சொன்னார். தபால்காரருக்கு இரண்டு வருஷமாக இருட்டில் கண் தெரியவில்லை. பகலில் தெரியும், பொழுது சாய்ந்தால் போயிற்று. அவர் சொல்லவில்லை, இவர்தான் கண்டுபிடித்தார். ஒருநாள் திரும்பி வரும்போது பெரிய பள்ளம் ஒன்றை நோக்கி நேராகப் போனார். பதறிப்போய் இவர் இடது தோளில் தட்ட, அவர் வண்டியை இடது பக்கம் திருப்பினார். ஏன் தட்டினாய் என்று அவர் கேட்கவில்லை. அன்றிலிருந்து முப்பத்தைந்து கிலோமீட்டரும் இவருடைய விரல்தான் ஓட்டிக்கொண்டு வருகிறது. இடது, வலது, இரண்டு தோளிலும் அழுத்தினால் நில். இரண்டு வருஷமாக அதைப் பற்றி வீட்டில் ஒரு வார்த்தை பேசியதில்லை. நான்கு மணி நேரம் மெஷினில் கிடந்துவிட்டு, தோளுக்கு எட்டுகிற மாதிரி முன் ஓரத்தில் உட்கார்ந்து, கண்ணை விழித்து விழித்து வர வேண்டும். அதற்குத் தெம்பில்லாமல்தான் இனி வரவில்லை என்று சொன்னாரே தவிர, முதுகு வலிக்காக இல்லை. நான் போகாவிட்டால் சாகிறது நான் ஒருத்திதான், போனால் ஒருநாள் இரண்டு பேரும், ரோட்டில் போகிற யாரோ ஒருவரும் என்றார்.

என் தாளில் இருந்த அந்தக் கறுப்பு எனக்கு அப்போதுதான் புரிந்தது. நான் அந்த அக்காவைப் பின்னால் பிடித்துத் தள்ளியிருக்கிறேன்.

நேற்று புது சீட்டில் எவ்வளவோ முன்னால் நகர்ந்து நகர்ந்து உட்கார்ந்திருக்கிறார். நான் முன் ஓரத்தை உயர்த்தியிருந்தேனே, அது பின்னாலேயே தள்ளியிருக்கிறது. கண்ணைத் திறந்தபோது நடு ரோட்டில் வண்டி நின்றுகொண்டிருந்தது. லைட் எரிகிறது, எஞ்சின் ஓடவில்லை. இவர் பெல்ட்டோடு சாய்ந்து கிடக்கிறார். அவர் இரண்டு காலையும் தரையில் ஊன்றி வண்டியைத் தாங்கிக்கொண்டு ஆடாமல் அசையாமல் இருக்கிறார். கால் மட்டும் நடுங்கிக்கொண்டிருந்தது. இப்போதுதான் நிறுத்தினேன் என்றாராம். இவர் சைலன்சரில் விரல் வைத்துப் பார்த்தார். ஆறிப்போயிருந்தது.

காலை மெஷினுக்கு மாற்றிக் கேட்டால் என்ன என்றேன். கேட்டுப் பார்த்துவிட்டார். காலையில் வருகிறவர்களில் யாராவது ஒருவர் வராமல் போனால்தான் அந்த இடம் காலியாகும், அதை வேண்டிக்கொள்ள என்னால் முடியாது என்றார். வெள்ளிக்கிழமைக்குள் ஏதாவது செய்கிறேன் என்று சொல்லி அனுப்பினேன். கெட்டியாக்கித் தருகிறேன் என்று சொல்லவில்லை.

இருபத்திரண்டு வருஷமாக வலிக்காமலிருக்கத்தான் தைத்தேன். வலிப்பதற்காக எப்படித் தைப்பது? அப்படித் தைத்தாலும், கண் தெரியாத மனிதரை இன்னும் கொஞ்ச நாள் ரோட்டில் விட நானும் கை கொடுத்ததாகும். அன்று முழுக்கத் தம்பியைக் கண்டபடி திட்டித் தீர்த்தேன். பாவம், அவன் ஒன்றும் செய்யவில்லை. சாயங்காலம் அவனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கையிலிருந்த திருப்புளியை மேசையில் வைத்துவிட்டு, செல்லம் கொஞ்சுகிறார்கள் என்று கிண்டல் செய்தேனே அக்கா என்றான்.

வியாழக்கிழமை இருட்டுகிற நேரத்தில் தபால்காரர் தனியாக, வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார். முகம் மலர்ந்திருந்தது. சீட் பிரமாதம், ஒரே ஒரு குறை, அவளுக்குக் கழுத்து தொங்கிப்போகிறது, கழுத்துக்கு மட்டும் சின்னதாக ஒரு மெத்தை வைத்துவிடு என்றார். ஒரே சீட்டுக்கு இரண்டு ஆர்டர் என் கையில் இருந்தது. ஒருவர் தூங்காமலிருக்கக் கேட்கிறார், ஒருவர் நன்றாகத் தூங்கக் கேட்கிறார். அந்த அக்கா சொன்னதை நான் வெளியே விடக் கூடாது. ஆனால் சும்மா இருக்கவும் கூடாது.

ஈரத்துணியை எடுத்துக்கொண்டு தெருவைத் தாண்டிப் போனேன். கிடங்குச் சுவரில் இருந்த சாக்பீஸ் கோட்டை முழுக்கத் துடைத்துவிட்டு வந்தேன். அவர் அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டுதான் நின்றார். பிறகு, லைட் கொஞ்சம் ஏறியிருக்கிற மாதிரி தெரிகிறது, உட்கார்ந்து பார்த்துச் சொல்லுங்கள் என்றேன். உட்கார்ந்தார். தம்பி லைட்டைப் போட்டான். தோளில் தட்ட ஆள் இல்லை.

அவர் கொஞ்ச நேரம் சுவர்ப்பக்கமே பார்த்தார். "சரியா இருக்கும்மா. கோட்டு மேலதான் விழுது" என்றார்.

"கோட்டை இப்பதான் அழிச்சேன் சார். அங்க கோடே இல்லை."

தம்பி தலையைக் குனிந்துகொண்டான். சொன்ன உடனேயே எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. என்னைவிட மூத்த மனிதர், ஒரு நாளும் யார் மனதும் நோகப் பேசாதவர். அவர் கையை நீட்டி லைட்டை அணைத்தார்.

கண் நரம்பு காய்ந்துகொண்டு வருகிறதாம், போனது வராது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம்.

"லைட்டு தெரியும்மா. லைட்டுக்குக் கீழ இருக்கிறதுதான் தெரியாது. நான் வாயைத் திறந்து சொன்னா வண்டிய விடணும். வண்டிய விட்டா அவளை யாரு கூட்டிட்டுப் போவா? அவ தோள்ல தட்டினப்ப, சரி, தெரிஞ்சிடுச்சுன்னு புரிஞ்சுது. சொல்லாம ஓடுற வரைக்கும் ஓடட்டும்னு விட்டுட்டேன்."

செவ்வாய்க்கிழமை நடந்ததை அவரே ஆரம்பித்தார். தோளில் தட்டுவது நின்றுவிட்டது. ஓரமாகப் போகலாம் என்றால் ஓரம் எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. அப்படியே நிறுத்திவிட்டார். இரண்டு பக்கமும் லாரி போய்க்கொண்டிருந்தது. எழுப்பியிருக்கலாமே சார் என்றேன்.

"எழுப்பணும்னுதான் கையத் தூக்கினேன். ரெண்டு வருஷமா அவ அப்படித் தூங்கி நான் கேக்கலைம்மா. மூச்சு சீரா வந்துட்டு இருந்துச்சு."

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அழுதால் சொல்ல வேண்டியதைச் சொல்ல மாட்டேன் என்று கோபத்தைப் பிடித்துக்கொண்டேன். இன்னொரு தடவை அப்படி நின்றால் லாரிக்காரன் உங்கள் பாசத்தைப் பார்த்து ஒதுங்கிப் போகமாட்டான் என்றேன். விழுந்தால் நீங்கள் இரண்டு பேர் மட்டுமில்லை, எதிரே வருகிறவன் வீட்டிலும் ஒருத்தி காத்துக்கொண்டிருப்பாள் என்றேன்.

வழி சொன்னது தம்பிதான். லைட், ரிலே, ஒயர் எல்லாம் வாங்க அவன் எப்படியும் வாரத்தில் இரண்டு நாள் அந்த நகரத்துக்குப் போகிறான். இனி மூன்று நாளாக, மத்தியான பஸ்ஸில் போவான். பகலில் தபால்காரரே அந்த அக்காவைக் கூட்டிக்கொண்டு போகட்டும். மெஷினில் படுக்க வைத்துவிட்டு ஐந்தரை பஸ்ஸில் அவர் திரும்பிவிட வேண்டும். ஆறு மணிக்கு ஆஸ்பத்திரி வாசலிலிருந்து வண்டியை இவன் ஓட்டிக்கொண்டு வருவான். பகலிலும் சந்தேகமாக இருக்கிற நாள் வந்தால் அன்றைக்கே சொல்லிவிட வேண்டும், மறைக்கக் கூடாது என்றான்.

தபால்காரர் இரண்டு சாவியில் ஒன்றை வளையத்திலிருந்து கழற்றி மேசையில் வைத்தார்.

"அவ வரேன்னு சொல்லணுமே" என்றார்.

அது யார் கையிலும் இல்லை. வண்டியை அங்கேயே விட்டுவிட்டு நடந்து போனார். கழுத்து மெத்தையை அன்றே தைத்து மாட்டினேன். சீட்டில் வேறு எதையும் தொடவில்லை.

வெள்ளிக்கிழமை காலையில் வந்து வண்டியை எடுத்துப்போனார். என்ன பேசிக்கொண்டார்கள் என்று கேட்க எனக்குத் துணிச்சல் வரவில்லை. பன்னிரண்டரை மணிக்கெல்லாம் தையல் மெஷினை விட்டுவிட்டு வாசலில் நின்றேன். ஒரு மணி ஆனது. என் வாயால் இரண்டு வருஷமாக ஓடிக்கொண்டிருந்ததை நிறுத்திவிட்டேனோ என்று தெருமுனை வரை போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். ஒன்று பத்துக்கு வண்டி வந்தது. பின்னால் அந்த அக்கா, முன் ஓரத்திலேயே உட்கார்ந்து, அவர் தோளில் கை வைத்துக்கொண்டு. என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கோபம் என்று தெரிந்தது. இருக்கட்டும், போகிறாரே என்று நான் உள்ளே வந்தேன்.

ஆறரைக்குத் தபால்காரர் பஸ்ஸிலிருந்து இறங்கி, வீட்டுக்குப் போகாமல் நேராகக் கடைக்கு வந்தார். ஸ்டூலைப் போட்டேன், உட்காரவில்லை. டீ வாங்கிக் கொடுத்தேன், ஆறிப்போகும் வரை கையிலேயே வைத்திருந்தார். இருட்டிவிட்டது. தெருவில் வருகிற ஒவ்வொரு வெளிச்சத்துக்கும் தலையைத் தூக்கினார். முப்பது வருஷம் ஊரெல்லாம் வாசலில் நின்று அவருக்காகக் காத்திருந்தது. அவர் ஒரு வாசலில் நின்று காத்திருந்து நான் பார்த்தது அன்றுதான்.

ஏழே காலுக்குத் தெருமுனையில் பெரிய விளக்குக்குக் கீழே சின்னதாக இரண்டு வெளிச்சம் திரும்பியது. தம்பி மாட்டிய லைட்.

"அதுதானே?" என்றார். ஆமாம் என்றேன்.

"சாஞ்சிருக்காளா?"

வண்டி மெதுவாக நெருங்கி வந்தது. பெல்ட் இடுப்பில் இருந்தது. முழங்கை இரண்டும் பிடியின் மேல் கிடந்தன. ஹெல்மெட்டோடு தலை கழுத்து மெத்தையில் சாய்ந்திருந்தது, வாய் லேசாகத் திறந்திருந்தது. என் சீட்டில் முழு உடம்பும் பின்னால் இறங்கியிருந்தது.

"தூங்குறாங்க சார்" என்றேன்.

தம்பி கடையைப் பார்த்துவிட்டு வேகத்தைக் குறைத்து, காலை ஊன்ற நீட்டினான். தபால்காரர் டீக் கிளாசை என் கையில் திணித்துவிட்டு இரண்டு அடி தெருவில் இறங்கினார். குரலை உயர்த்தவில்லை.

"நிறுத்தாதே தம்பி. இன்னொரு சுத்து போயிட்டு வா."

தம்பி காலை மேலே எடுத்துக்கொண்டான். வண்டி எங்களைத் தாண்டிப் போனது. பின்விளக்கின் சிவப்பு தெருக்கோடியில் திரும்பும் வரை அவர் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். வலது கை மட்டும் அவரை அறியாமல் இடது தோளுக்குப் போய், அங்கேயே இருந்தது.